ஜட்டி வீரனும் ஒரு மணி நேரக் கடனும்

அந்த விளையாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு 30 வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது. அதுவரை அது 'ஜட்டி வீரன்'. சேலம் செவ்வாய்பேட்டையில், எங்கள் தெருமுனை டிவி கேம் கடையில் எல்லோருக்கும் அது ஜட்டி வீரன்தான். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஜப்பானிய எழுத்து. அதைப் படிக்க ஊரில் ஆள் ஏது?

பெயருக்குக் காரணம் திரையிலேயே இருந்தது. இரும்புக் கவசம் மாட்டிய வீரன் ஒருவன் கல்லறைத் தோட்டத்தில் ஓடுவான். பிணம் ஒன்று லேசாக உரசினாலும் போதும், கவசம் மொத்தமும் சிதறிப் போய் ஜட்டியோடு நிற்பான். வெட்கப்பட நேரம் கிடையாது, அப்படியே ஓடுவான், அப்படியே ஈட்டி எறிவான். அடுத்த அடி விழுந்தால் எலும்புக் குவியல். அவனுடைய உயிர்க்கணக்கே அவ்வளவுதான்: ஒரு கவசம், அது போனால் ஒரு ஜட்டி.

பத்துப் பையன்கள் நெருக்கியடித்து நிற்கிற கடையில் அந்தக் கவசம் பறக்கும் நொடிக்கு எழும் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஆடுகிறவன் தோற்கிறான் என்று யாரும் வருத்தப்பட்டதே இல்லை. அவன் துணி போவதற்குத்தான் காத்திருப்போம்.

சரி, முறையான விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டின் பெயர் கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ். ஜப்பானில் மகைமுரா, அதாவது பேயுலகத்துக் கிராமம். கேப்காம் நிறுவனம் 1985-ல் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வெளியிட்டது. வடிவமைத்தவர் டோக்குரோ ஃபுஜிவாரா. 1996-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் விளையாட்டின் தயாரிப்பாளரும் அவர்தான், ஆகப் பிணங்களோடு அவருக்கு நெடுநாள் பழக்கம். வீரனின் பெயர் ஆர்தர். அவன் காதலி ப்ரின் ப்ரின் என்ற இளவரசி. இருவரும் ராத்திரி நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது சாத்தான் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். காதலிக்கப் போக வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கடை அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஏற்காடு ஏரிப் பக்கம் கூட்டிப் போயிருக்கலாம் என்பது அவர் கருத்து.

இப்போது கடை. 1996. எட்டடிக்குப் பத்தடி அறை, இரண்டு டிவி, தரையில் கோரைப்பாய். அரை மணி நேரம் 5 ரூபாய். அண்ணன் மேசையில் இரண்டு அலாரம் கடிகாரங்கள், டிவிக்கு ஒன்று. அலாரம் அடித்தால் முடிந்தது, நீ ஆகாயத்தில் தாவிக்கொண்டிருந்தாலும் சுவிட்சை அணைத்துவிடுவார். கடைக்கு நேர் எதிரே சாயங்காலம் தட்டுவடை செட் வண்டி வந்து நிற்கும். உள்ளங்கையளவு தட்டுவடை, அதன்மேல் காரச் சட்டினி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், மேலே இன்னொரு தட்டுவடை. வாயில் போட்டால் முதலில் மொறுமொறு, அப்புறம் காரம், கடைசியில் பீட்ரூட்டின் இனிப்பு. கையில் 5 ரூபாய் இருந்தால் அந்த வண்டிக்கும் இந்தக் கடைக்கும் நடுவே ரோட்டில் நின்று யோசித்த நேரம்தான் என் பள்ளிப் பருவத்தில் பாதி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு ஏன் இத்தனை கொடூரம் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். முதல் கட்டத்துக்குக் கொடுத்திருப்பது 2 நிமிடம். பாதித் தூரம் போய்ச் செத்தால் பாதியிலிருந்து, அதற்கு முன்பே செத்தால் மறுபடி கல்லறையிலிருந்து. காரணம் எளிது. அது காசு விழுங்குவதற்காகப் பிறந்த இயந்திரம். நீ சீக்கிரம் சாக வேண்டும், அடுத்த நாணயம் போட வேண்டும், பின்னால் நிற்பவனுக்கும் இடம் விட வேண்டும். 1986-ல் அதையே வீட்டில் டிவியில் மாட்டி ஆடும் ஃபேமிகாம் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். மைக்ரானிக்ஸ் என்ற நிறுவனம் கேப்காமுக்காகச் செய்து கொடுத்தது. திரையில் நாலு பேய் சேர்ந்து வந்தால் உருவங்கள் மினுக்கும். வீட்டில் ஆடுகிறவனுக்கு நாணயம் போடும் வேலை இல்லை, செத்தாலும் 'தொடர்' என்று அழுத்திக்கொண்டே இருக்கலாம். ஆக, கொடூரம் அப்படியே இருக்கிறது, அது எதற்காக வந்ததோ அந்தக் காசு மட்டும் இல்லை.

செவ்வாய்பேட்டையில் அந்தக் காசு திரும்ப வந்துவிட்டது. வீட்டுக்கென்று செய்த கேசட்டை நாங்கள் வாடகைக்கு, கடிகாரத்துக்குப் பயந்து, முதுகுக்குப் பின்னால் ஏழு பேர் மூச்சு விட ஆடினோம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்து இதை ஆடியவர்கள் வேறு ஏதோ விளையாட்டை ஆடியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆர்தரின் தாவலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மற்ற விளையாட்டுகளில் தாவிய பிறகு ஆகாயத்திலேயே முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். இங்கே அது கிடையாது. பொத்தானை அழுத்திய நொடியில் எங்கே விழப்போகிறாய் என்பது முடிவாகிவிட்டது. பாதி வழியில் கீழே பேய் வந்து நின்றால் பார்த்துக்கொண்டே போய் அதன் தலையில் விழ வேண்டியதுதான். மேல்நோக்கியும் எறிய முடியாது, ஈட்டி நேரே மட்டும்தான் போகும். மேலே எறியும் வசதி 1988-ல் வந்த அடுத்த பாகத்திலும், ஆகாயத்தில் இன்னொரு தடவை எம்பும் வசதி 1991-ல் வந்த மூன்றாம் பாகத்திலும்தான் கிடைத்தன. எங்களுக்கு இருந்தது ஒரே தாவல்.

ஆயுதமும் அப்படித்தான். சில பேய்கள் குடம் தூக்கிக்கொண்டு வரும். அதை அடித்தால் குடம் உடைந்து ஆயுதம் ஏதாவது விழும். தொட்டால் கையிலிருப்பது போய் அது வந்துவிடும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கத்தி விழுந்தால் கொண்டாட்டம், சரசரவென்று பறக்கும். தீப்பந்தம் விழுந்தால் துக்கம். அது நாலடி தூரம் வளைந்து போய்த் தரையில் விழுந்து, அங்கேயே நின்று எரியும். அது அணையும்வரை கையைக் கட்டிப் போட்டது மாதிரி இருக்கும். எங்கள் கடையில் "பந்தம்டா!" என்று யாராவது கத்தினால் அவன் கதை முடிந்தது என்று பொருள்.

பேய்களைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு அந்தக் கல்லறைத் தோட்டம் முதலில் விளங்கவே இல்லை. எங்கள் தெருவில் இறந்தவர்களை எரித்துவிடுவார்கள். எரித்தது எப்படி எழுந்து வரும்? நாங்கள் அறிந்த பேய்க்குக் கால் கிடையாது, புளியமரத்தில் இருக்கும், மல்லிகைப்பூ வாசம் வரும், பெயர் சொல்லிக் கூப்பிடும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்தப் பேயோ சவப்பெட்டியோடு மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது, காலால் நடக்கிறது, குடம் வேறு சுமக்கிறது. பயமே வரவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிற ஜனம் மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் நிஜமாகப் பயமுறுத்தியது. முதல் கட்டத்திலேயே வரும். சிவப்பு நிறம், சிறகு, குத்துக்காலிட்டுத் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். நீ ஈட்டி எறிந்தால் விலகி ஆகாயத்துக்கு எம்பும். அங்கிருந்து உன்னைப் பார்க்கும். மற்றதெல்லாம் வந்த வழியே வரும்போது இது மட்டும் நீ என்ன செய்கிறாய் என்று பார்த்து அதற்கேற்ப நடக்கும். அதன் அசல் பெயர் ரெட் அரீமர். விளையாட்டை எழுதிய புரோகிராமர் தோஷியோ அரிமாவின் பெயரைத்தான் திரித்து வைத்திருக்கிறார்கள். பின்னாளில், 1990-ல், அதையே கதாநாயகனாக்கித் தனியாக ஒரு விளையாட்டும் வந்தது. நாங்கள் வைத்த பெயர் 'சிவப்பு முனி'. சேலத்துப் பிள்ளைகளுக்கு ராத்திரியில் நடுவழியில் நின்று ஆளை அளக்கிறது என்றால் அது முனிதான், வேறு என்ன?

சிவப்பு முனியைச் சாய்க்கத் தெரிந்தவன் எங்கள் கோஷ்டியில் ஒருவனே. வகுப்பில் அதே பெயரில் மூன்று பேர் இருந்ததால் அவனைப் 'பட்டறை' என்போம், அவன் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தார். எல்லோரும் முனியைக் கண்டதும் பின்வாங்கி ஈட்டியை வாரி எறிவோம். பட்டறை எறியவே மாட்டான். முனி எம்பி மேலே போனதும் நேராக அதன் அடியில் ஓடி அந்தப் பக்கம் போய்விடுவான். அது திரும்பித் தாழ இறங்கும்போது இவன் ஏற்கெனவே திரும்பி நின்றிருப்பான். இரண்டு தட்டு, தீர்ந்தது. கொலுசுக்கு முத்து கோத்துப் பழகின விரல், அவசரமே படாது.

கடை அண்ணன் சுவரில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தார்: ஜட்டி வீரனை முடிப்பவருக்கு ஒரு மணி நேரம் இலவசம். எழுதி ஒரு வருடம் ஆகியும் அழிக்க வேண்டிய தேவை வரவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. சேலத்தில் குகை என்கிற பகுதியில் அன்று ராத்திரி வண்டி வேடிக்கை. சாமி வேடமும் அரக்கன் வேடமும் கட்டிய ஆட்கள் அலங்கார வண்டிகளில் நிற்க, ஊரே அங்கே போகத் தயாராகிக்கொண்டிருந்தது. கடையில் கூட்டமில்லை. நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து, அதற்காக அன்று தட்டுவடையைத் தியாகம் செய்து, 20 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் வாங்கிப் பட்டறையை உட்கார வைத்தோம். கல்லறை, காடு, பனி மாளிகை, குகை, நெருப்புப் பாலம், கோட்டை. கடைசியில் சிலுவை வடிவத்தில் ஓர் ஆயுதம் கிடைக்கும், அது கையில் இல்லாமல் சாத்தான் வாசலுக்குப் போனால் பின்னுக்குத் துரத்திவிடுவார்கள். அதை அவன் எப்படியோ கண்டுபிடித்திருந்தான்.

சாத்தானையும் சாய்த்தான். நாங்கள் கத்திய கத்தலில் தட்டுவடைக்காரரே எட்டிப் பார்த்தார். திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன. எங்களில் ஆங்கில மீடியத்தில் படித்த ஒருவனை முன்னால் தள்ளினோம். "ரூம்னு ஏதோ போட்டிருக்குங்கண்ணா" என்றான் அவன். அதற்குள் எழுத்து மறைந்தது. ஆர்தர் மறுபடி முதல் கல்லறையில், முழுக் கவசத்தோடு, ஒன்றுமே நடக்காதவன் போல நின்றிருந்தான்.

"அண்ணா, முடிச்சிட்டேனுங்க."

"எங்கடா முடிச்ச? முடிஞ்சா சினிமால சுபம் போடற மாதிரி ஏதாவது வரணும்ல. இது திரும்பச் சுடுகாட்டுலயே நிக்குது."

கேசட் டூப்ளிகேட், அதான் சுற்றுகிறது என்றோம். கேசட் டூப்ளிகேட் என்று என் கடையிலேயே நின்று சொல்கிறாயா என்று அவர் கோபப்பட்டார். பட்டறை ஒன்றும் பேசவில்லை. அலாரம் அடித்தது. வண்டி வேடிக்கை பார்க்கப் போனோம். ஓர் அரக்கன் வேடக்காரர் வண்டி மேலிருந்து எங்களைப் பார்த்து நாக்கை நீட்டியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை அண்ணன் தரவே இல்லை.

பல வருடம் கழித்து, பெங்களூரில் வேலையாக இருந்தபோது, பழைய விளையாட்டுகளைப் பற்றி எதையோ படிக்கையில் ஜட்டியோடு நிற்கும் அந்த உருவம் கண்ணில் பட்டது. அன்று திரையில் வந்த வாசகத்தையும் அங்கே படித்தேன்: இந்த அறை ஒரு மாயை, சாத்தான் விரித்த வலை, அஞ்சாமல் முன்னேறு. அதற்குள்ளேயே ஆங்கில எழுத்துப் பிழை இரண்டு. சங்கதி இதுதான்: முதல் தடவை முடிப்பது கணக்கில்லை. முழுவதையும் இரண்டாம் தடவை, இன்னும் வேகமான பேய்களோடு ஆடி முடித்தால்தான் இளவரசி கிடைப்பாள். ஆக, ஓர் எழுத்துகூடப் படிக்காமல் கடை அண்ணன் சொன்ன தீர்ப்பு சரி. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பட்டறையிடம் போனில் சொன்னேன். அவனுக்கு இப்போது சொந்தமாகவே பட்டறை, ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். வெள்ளிக் கம்பிகளைப் பற்ற வைக்கிற சின்னத் தீச்சுடரை நாள் முழுக்கப் பார்த்து அவன் கண் எப்போதும் சுருங்கியே இருக்கும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப நான் பாதிதான் ஆடியிருக்கேன்" என்றான்.

போன டிசம்பரில் இரண்டு நாள் ஏற்காடு போனோம். ஒரு விஷயம்: அந்த விளையாட்டில் தொடங்கும் முன் வரைபடம் ஒன்றைக் காட்டுவார்கள், கல்லறையிலிருந்து சாத்தான் கோட்டைவரை மொத்தப் பாதையும் திரையில் நகரும். சின்ன வயதில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலையும், ராத்திரியில் மலைப்பாதையில் ஊர்ந்து ஏறும் வண்டி விளக்கும் தெரியும். எனக்கு அந்த வரைபடம் எப்போதும் இந்த மலைதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பட்டறை பைக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தேன்.

மேலே பனிமூட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடியில் பழம் பறிக்கிற காலம். ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனோம். பழைய கல்லறை, சிலுவை, ஈரமான பாசி. "முதல் ஸ்டேஜ்டா" என்றான் பட்டறை, மெதுவாகத்தான் சொன்னான். ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த மனிதர், ஏற்காட்டில் வீடு வைத்திருந்தவர். அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், 1882-ல் இதே ஏற்காட்டில்தான் இறந்தார். நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பட்டறை முழுக்கக் கேட்டுவிட்டு, "கோடரியும் நல்ல ஆயுதம் கிடையாது, வளைஞ்சு போகும்" என்றான்.

விடுதி அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து கையடக்கப் பெட்டியில் ஆடினோம். அதே ஃபேமிகாம் பதிப்பு. வேண்டிய இடத்தில் சேமித்துவைத்து அங்கிருந்து தொடரும் வசதி அதில் உண்டு. பட்டறை அதைத் தொடவிடவில்லை. முதல் சுற்றை முடிக்கவே முதல் ராத்திரி போய்விட்டது. விரல் மறந்திருந்தது. ஆனால் சிவப்பு முனி எம்பியதும் கட்டைவிரல் தானாக அதன் அடியில் ஓடியதைப் பார்த்தேன்.

இரண்டாம் ராத்திரி இரண்டாம் சுற்று. பனி மாளிகையில் கையில் கத்தியோடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான். ஒரு குடப்பேயை அடித்துவிட்டுத் தாவினான். குடம் உடைந்தது. அவன் விழப்போகிற இடத்தில் விழுந்து கிடந்தது தீப்பந்தம். இருவரும் பார்த்தோம். ஆர்தர் ஆகாயத்தில் இருந்தான், ஒன்றும் செய்வதற்கில்லை.

"பந்தம்டா!"

45 பேர் தூங்குகிற விடுதியில் நள்ளிரவில் அப்படிக் கத்தியது தப்புதான். கீழே வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார். பட்டறை அந்தப் பந்தத்தை வைத்துக்கொண்டே குகைவரை போனான். நாள் முழுக்க நெருப்போடு வேலை செய்கிறவனுக்கு இது பொருந்தும் என்று நான் சொன்னதை அவன் ரசிக்கவில்லை.

அதிகாலை 4 மணி சுமாருக்குச் சாத்தான் சாய்ந்தான். இந்தத் தடவை இளவரசி வந்தாள். திரையில் வாழ்த்து. அதிலும் ஆங்கிலப் பிழை, வாழ்த்து என்ற சொல்லிலேயே 'எல்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்'. இந்தக் கதை சுபம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. படம் எடுத்துக் கடை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அவர் இப்போது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கவர் கடை வைத்திருக்கிறார். 'அண்ணா, சுபம் போட்டுட்டாங்க. ஒரு மணி நேரம் பாக்கி' என்று பட்டறை கீழே எழுதினான்.

காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது குரல் பதிவு வந்தது. மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார் போல.

"பாப்பா முழுசாப் படிச்சுட்டா. கடைசி வரியப் பாருங்கடா. கிளம்புன இடத்துக்கே திரும்பிப் போ, மறுபடியும் மோதுன்னு போட்டிருக்கு. இன்னும் முடியல."